பாடப் பக்கத்தில் நூலகருக்கு ஓர் இருக்கை

சைதாப்பேட்டை நீதிமன்றத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடை ஒன்றில் சில வாரங்களுக்கு முன்பு காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவி. போனைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

“எத்தனை பக்கம்மா?”

“நூத்தி நாப்பது வரும்ணா. குரூப்ல வந்தது.”

“பாதிப் பக்கம் சாஞ்சிருக்கே, பரவாயில்லையா?”

“பரவாயில்லண்ணா, படிக்க முடிஞ்சா போதும்.”

அச்சாகி விழுந்த தாள்களை எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு புத்தகத்தைப் போனில் படம்பிடித்துச் சேர்த்த பி.டி.எஃப். பக்கத்தின் ஓரத்தில், பிடித்திருந்தவரின் கட்டைவிரல்கூடப் பதிந்திருந்தது. அட்டை இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதும் இல்லை. பேச்சுக் கொடுத்தேன். அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஷிஃப்டில் பொருளாதாரம் படிக்கிறாராம். காலையில் தியாகராய நகரில் துணிக்கடை வேலை. வகுப்புக்கு இணையப் பக்கம் உண்டா என்று கேட்டேன். “கூகுள் கிளாஸ்ரூம் இருக்கு சார். அசைன்மென்ட் எல்லாம் அதுலதான் போடுவாங்க.” நூலகம்? சிரித்துவிட்டார். “ஃபர்ஸ்ட் இயர்ல கார்டு குடுத்தாங்க. கடைசியில நோ-ட்யூ வாங்கணும்னு சீனியர்ஸ் சொல்லிருக்காங்க.”

மூன்று ஆண்டுப் படிப்பில் நூலகத்தோடு இரண்டே சந்திப்புகள். சேரும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று.

அந்த மாணவிமீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பாடம் நடக்கும் இடம் அந்தப் போன் திரை. அங்கே வகுப்பறை இருக்கிறது, வினாத்தாள் இருக்கிறது, அசைன்மென்ட்டுக்குக் கடைசித் தேதி இருக்கிறது. நூலகம் மட்டும் அங்கே இல்லை. அது கல்லூரிக் கட்டடத்தில், அவர் வேலை முடிந்து ஓடிவந்து வகுப்பில் உட்காரும் நேரத்தில் திறந்திருந்து, அவர் பேருந்து பிடிக்கும் நேரத்தில் மூடிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் குரூப்பும் ஜெராக்ஸ் கடையும் நுழைந்துவிட்டன.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கல்லூரி நூலகம் பணம் கட்டி வைத்திருக்கும் நூல்களும் இதழ்களும் பாடத்தின் இணையப் பக்கத்துக்குள்ளேயே, அந்தந்த வாரத்துப் பாடத்துக்கு அருகிலேயே வந்து உட்கார வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் நூலகர். அதற்கான அனுமதியும் நேரமும் அவருக்குத் தரப்பட வேண்டும்.

ரங்கநாதன் படித்த ஊர்

இதைச் சைதாப்பேட்டையிலிருந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அண்ணா சாலையில் பனகல் மாளிகையைத் தாண்டி நடந்தால் பழைய ஆசிரியர் கல்லூரி வரும். 1856-இல் வேப்பேரியில் நார்மல் ஸ்கூலாகத் தொடங்கி, பின்னர் இங்கே வந்து சேர்ந்த நிறுவனம். இந்தக் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பெயரைத்தான் சொல்வார்கள். இங்கேயே எல்.டி. படித்த இன்னொருவரை ஏனோ மறந்துவிடுகிறோம். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதத்தில் எம்.ஏ. முடித்து, ஆசிரியப் பயிற்சிக்குச் சைதாப்பேட்டைக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அவர். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அலுத்துப்போய், பழையபடி கணக்கு வாத்தியாராகவே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர் என்பது சுவையான செய்தி. லண்டன் போய், அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியபின் ஆளே மாறிவிட்டார்.

அவர் 1931-இல் நூலாக எழுதிய ஐந்து விதிகளை நூலக அறிவியல் மாணவர் எவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்வது. எனக்கென்னவோ ரங்கநாதனுக்குள் இருந்த கணக்கு வாத்தியார் எழுதிய விதி அது என்றே தோன்றும். வாசகர் வாசலில் நுழைந்ததிலிருந்து புத்தகம் கைக்கு வரும்வரை எத்தனை அடி, எத்தனை நிமிடம், எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிற விதி. இன்றைக்கு அடிகளுக்குப் பதில் சொடுக்குகளை எண்ண வேண்டும்.

எண்ணிப் பார்த்தேன். ஒரு மாணவர் தன் பாடப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, கல்லூரி சந்தா கட்டியிருக்கும் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையை அடைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாடப் பக்கத்தைவிட்டு வெளியே வர வேண்டும். கல்லூரியின் இணையதளத்தைத் தேட வேண்டும். அதில் நூலகம் எந்தத் தலைப்பின்கீழ் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘மின்வளங்கள்’ என்ற பட்டியலில் வெளியீட்டு நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். தன் கட்டுரை எந்த நிறுவனத்துடையது என்று முதலாண்டு மாணவருக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒன்றைத் தட்டினால் பயனர் பெயர் கேட்கும். கடவுச்சொல் ஞாபகம் இருக்காது. அதையும் தாண்டினால் ஒரு வெறும் தேடல் பெட்டி. இதற்குள் எட்டுப் பத்துச் சொடுக்குகள் ஆகிவிடும். குரூப்பில் வந்த பி.டி.எஃப். ஒரே தட்டில் திறக்கிறது. போட்டி எப்படி முடியும்?

இன்னொரு கட்டடமும் இதே அண்ணா சாலையில், சைதாப்பேட்டை எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், கதவு எண் 577. அதன் மாணவர்கள் தமிழகம் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சைதாப்பேட்டைக் கட்டடத்தின் நூலகப் படியை ஒருமுறைகூட மிதிக்கப்போவதில்லை. மிதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. தொலைவிலிருந்து படிப்பவருக்குப் பாடப் பக்கம்தான் வளாகம். நூலகம் அங்கே இல்லையென்றால், அவரைப் பொறுத்தவரை நூலகமே இல்லை. ஆசிரியர் கல்லூரிக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நடக்கிற தூரம்தான். நூலகத்தையும் பாடத்தையும் இணைப்பதற்கு நாட்டிலேயே இதைவிடப் பொருத்தமான தெரு ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை.

வாங்கியாயிற்று, கொடுத்தாயிற்றா?

பணம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு ₹6,000 கோடி. 30 பன்னாட்டு வெளியீட்டு நிறுவனங்களின் கிட்டத்தட்ட 13,000 இதழ்கள், மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு. பயன்பெறக் கூடியவர்கள் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் என்று அரசு சொன்னது. தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை என்பது தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பெரிய குறை; இங்கே உயர்கல்வியின் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் கல்லூரிகளுக்கு என்றே 2010 முதல் ‘என்-லிஸ்ட்’ இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்துவது. ஆயிரக்கணக்கான இதழ்கள், லட்சக்கணக்கான மின்னூல்கள். அரசு, உதவிபெறும் கல்லூரிகளுக்கு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர், கடவுச்சொல். வீட்டிலிருந்தே படிக்கலாம்.

கருவிக்கும் பஞ்சமில்லை. 2021-இன் தொடக்கத்தில், கொரோனா காலத்தில், தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா அட்டையை நான்கு மாதங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. ‘ஸ்வயம்’ தளத்தின் இணையப் படிப்புகளிலிருந்து மொத்த கிரெடிட்டில் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2021-இல் யு.ஜி.சி. 40 சதவீதமாக உயர்த்தியது. மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வந்தபின் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் இணையவழிப் படிப்பு அன்றாடம் ஆகிவிட்டது.

சந்தா, டேட்டா, கருவி, படிப்பு எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் கோத்துத் தருகிற நூல் மட்டும் இல்லை. அதற்குக் கோடிகள் தேவையில்லை என்பதாலோ என்னவோ, அது எந்த அறிவிப்பிலும் இடம்பெறுவதும் இல்லை.

பல கல்லூரிகள் தங்கள் பாடத் தளத்தில் நூலகத்தைச் ‘சேர்த்துவிட்டதாக’ச் சொல்கின்றன. போய்ப் பார்த்தால் மூலையில் நூலகத்தின் இலச்சினை இருக்கும். தட்டினால் நூலகத்தின் முகப்புப் பக்கம். புத்தகக் கடை வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, புத்தகம் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்வதுபோல. மூன்றாம் வாரத்தில் பணவீக்கம் நடத்துகிறீர்கள் என்றால், மூன்றாம் வாரத்தின்கீழ் இந்த நூலில் நான்காம் அத்தியாயம், பக்கம் 41 முதல் 58 வரை என்று இருக்க வேண்டும். அதைத் தொட்டால் அந்த அத்தியாயமே திறக்க வேண்டும். எதற்காகப் படிக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு வரி இருந்தால் நல்லது. அந்த இரண்டு வரி ஆசிரியருடைய வேலை. தொட்டால் திறப்பது நூலகருடைய வேலை.

லிங்க் எப்படிச் செத்துப்போகிறது

ஏன் நூலகர் வேலை என்கிறேன்? ஆசிரியரே ஒட்டிவிட்டால் போயிற்றே என்று கேட்பார்கள். ஒட்டுகிறார்கள், மறுநாள் வேலை செய்வதில்லை. ஆசிரியர் கல்லூரிக் கணினியில் உட்கார்ந்து ஒரு கட்டுரையைத் தேடிப் பிடிக்கிறார். மேலே முகவரிப் பட்டையில் நீளமாக இருப்பதை நகலெடுத்துப் பாடப் பக்கத்தில் ஒட்டுகிறார். பல தரவுத்தளங்களில் அந்த நீள முகவரி அவருடைய அந்த நேரத்துத் தேடலுக்கு மட்டுமே உரியது. அவர் வெளியேறியதும் அது காலாவதி. மாணவர் தொட்டால் ‘அமர்வு முடிந்துவிட்டது’ என்று வரும்.

இரண்டாவது சிக்கல், வளாகம். கல்லூரிக்குள் இருக்கும் கணினிகளை அவற்றின் இணைய முகவரி எண்ணை வைத்து வெளியீட்டு நிறுவனம் அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடும். அதனால் ஆசிரியருக்குக் கடவுச்சொல்லே கேட்காமல் கட்டுரை வந்துவிடுகிறது. அதே இணைப்பைக் கோட்டூர்புரத்தில் வீட்டில் இருந்து தொட்டால், கட்டுரையை வாங்க இத்தனை டாலர் என்று காட்டும். மாணவர் என்ன நினைப்பார்? சார் காசு கேட்கிற லிங்க்கைப் போட்டிருக்கிறார் என்று மூடிவிடுவார். அதற்குப் பிறகு எந்த இணைப்பையும் தொட மாட்டார்.

இதற்கெல்லாம் தீர்வு இருக்கிறது, நூலகர்களுக்கு அது தெரியும். பெரும்பாலான தரவுத்தளங்களில் ‘நிலையான இணைப்பு’ என்று தனியாக ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைத்தான் எடுக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. எண் உண்டு. நமக்கு ஆதார் எண் மாதிரி. கட்டுரை எந்தத் தளத்துக்குக் குடிபெயர்ந்தாலும் எண் மாறாது. அந்த இணைப்போடு, வெளியிலிருந்து வருபவரை நம் கல்லூரி மாணவர்தான் என்று உறுதிசெய்து உள்ளே அனுப்பும் நுழைவு வழியையும் பொருத்த வேண்டும். சில தளங்களில் கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், சிலவற்றில் என்-லிஸ்ட் வழியாகவே போக வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒரு ஆசிரியர் இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டு உட்கார முடியாது, உட்காரவும் வேண்டாம். ஒரு நூலகர் ஒரு துறையின் முப்பது இணைப்புகளை ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார்.

ஆனால் பாடப் பக்கத்துக்குள் நுழைய அவருக்குச் சாவி இல்லை. கூகுள் கிளாஸ்ரூமோ மூடுலோ, வகுப்பு தொடங்கும்போது ஆசிரியர் இருக்கிறார், மாணவர்கள் இருக்கிறார்கள். நூலகர் யாருடைய பட்டியலிலும் இல்லை. மூடுல் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியமாஸ் 2002-இல் வெளியிட்டது. தமிழ் இடைமுகமும் அதற்கு உண்டு. அதில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் ஒருவருக்குத் திருத்தும் உரிமை மட்டும் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. கூகுள் கிளாஸ்ரூமில் இணை ஆசிரியராகச் சேர்த்துவிடலாம். மதிப்பெண் தெரிந்துவிடுமே என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கவலைப்பட்டார். தெரிந்தால் என்ன?

பி.டி.எஃப்.ஆகவே இறக்கி ஏற்றிவிடலாமே என்பது அடுத்த யோசனை. எளிதுதான். அதில் ஒரு மறைவான இழப்பு இருக்கிறது. கல்லூரியின் சந்தா எவ்வளவு பயன்பட்டது என்பது, மாணவர்கள் தளத்துக்குள் போய்த் திறந்த எண்ணிக்கையில்தான் பதிவாகிறது. ஆசிரியர் ஒருமுறை இறக்கி அறுபது பேருக்குக் கொடுத்தால் பயன்பாடு ஒன்று. அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கும் கூட்டத்தில், யாரும் படிக்காததற்கு எதற்குப் பணம் என்று யாராவது கேட்பார்கள். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் ‘நாக்’ மதிப்பீட்டிலும் மாணவர்கள் நூலகத்தைப் பயன்படுத்திய அளவுக்கு இடம் உண்டு. நேரில் வந்தவர்களோடு இணையத்தில் உள்நுழைந்தவர்களையும் அதில் கணக்குக் காட்டலாம். நாக் குழு வருவதற்கு முந்தைய மாதம் நூலக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அலைகிற கல்லூரிகள் இதை யோசிக்கலாம்.

பதிப்புரிமை பற்றிய அச்சம் இரண்டு விதமாக இருக்கிறது. சிலர் எதையும் ஏற்றலாம் என்கிறார்கள், சிலர் எதையும் தொடப் பயப்படுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் நகல் எடுப்பதற்கு விலக்கு தருகிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் போட்ட வழக்கில், 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்துக் கொடுப்பது குற்றமில்லை என்பது அதன் சாரம். அந்த ஆண்டு டிசம்பரில் இருவர் அமர்வும், கற்பித்தலுக்குத் தேவையான அளவாக இருந்தால் போதும் என்ற திசையிலேயே பேசியது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஜெராக்ஸ் கடைக்காரருக்காக மாணவர்களும் ஆசிரியர்களும் நீதிமன்றத்துக்குப் போன அந்த வழக்கு எனக்குப் பிடித்தமானது. ஆனால் அது காகித நகல் பற்றியது. மின்னிதழ்களை நூலகம் விலைக்கு வாங்குவதில்லை. ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன அனுமதி என்று நூலகருக்குத்தான் தெரியும். இணைப்பு கொடுத்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

வாடகை என்று சொன்னேன். மின்வளங்களைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் மறைக்கும் விஷயம் இது. சந்தா நின்றால் அலமாரியே காலி. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது சைதாப்பேட்டையின் ஆற்றோரத் தெருக்களில் ஊறிப்போன பாடநூல்களைப் பார்த்தோம். சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் வழங்க அரசு முகாம் நடத்தியது. காகிதம் நனையும், மின்னூல் நனையாது என்று அப்போது பலர் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் நனைந்த புத்தகம் சொந்தப் புத்தகம். அதனால் இணைப்பு கொடுக்கிறோம் என்று அச்சு நூல்களை வாங்குவதை எந்தக் கல்லூரியாவது நிறுத்தினால் அது பெரிய பிழை. பாடப் பக்கத்தில் அச்சு நூலுக்கும் இடம் இருக்க வேண்டும். நூலகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது, எத்தனை பிரதி என்று ஒரு வரி போதும்.

தமிழில் என்ன இருக்கிறது?

இங்கேதான் அந்த மாணவியின் நினைவு திரும்ப வருகிறது. அவர் தமிழ்வழியில் படிப்பவர். என்-லிஸ்ட்டும் ஒரே சந்தாவும் தருவதில் பெரும்பகுதி ஆங்கிலம். 13,000 இதழ்களைக் காட்டி இவரை என்ன செய்யச் சொல்வது?

தமிழுக்கு நம்மிடம் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: நாட்டுடைமை. 1949-இல் பாரதியின் படைப்புகள் அரசின் கைக்கு வந்ததில் தொடங்கிய வழக்கம். பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன், தேவநேயப் பாவாணர் என்று பட்டியல் நீண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்களின் நூல்கள் இன்று பொதுச் சொத்து. சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்குப் பெயர் தந்த மறைமலை அடிகளின் நூல்களும் அதில் உண்டு. ஆயிரக்கணக்கில் புத்தகம் சேர்த்தவர் அவர். அந்தச் சேகரிப்பு பின்னர் அவர் பெயரிலேயே நூலகமானது. அவர் எழுத்தை எந்தப் பாடப் பக்கத்திலும் முழுதாக ஏற்றலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், சந்தா வேண்டாம்.

கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. அதன் மின்நூலகத்தில் நூல்களும் பருவ இதழ்களும் கொட்டிக் கிடக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஈழத்து எழுத்துக்கு 2005 முதல் நூலகம் அறக்கட்டளையின் தளம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம், 1998-இலிருந்து. இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஒரு காலத்தில் கல்லூரிப் படிப்புக்கென்றே வெளியிட்ட தமிழ்வழி நூல்களை. பொருளாதாரம், இயற்பியல், வரலாறு, உளவியல் எல்லாம் அவற்றில் உண்டு. கலைச்சொற்கள் சில பழையவை, புள்ளிவிவரங்கள் காலாவதியானவை. ஆனாலும் கட்டைவிரல் பதிந்த அந்த பி.டி.எஃப்.ஐவிட ஆயிரம் மடங்கு மேல். எந்த அத்தியாயம் இன்றும் செல்லும், எது செல்லாது என்று ஆசிரியர் ஒரு வரி எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய தமிழ் நூல்களின் பி.டி.எஃப். பெரும்பாலும் படங்கள்தான், எழுத்துகள் அல்ல. சொல்லைத் தேட முடியாது. திரைவாசிப்பு மென்பொருள் வைத்துப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு அது வெறும் வெள்ளைத் தாள். நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் கணிசமானோர். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், அவர்கள் படிக்கத்தக்க வடிவத்தில் எந்த நூலையும் மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் முதலில் ஒப்புதல் தந்த நாடும் இந்தியாதான். சட்டம் முன்னே போய்விட்டது. பாடப் பக்கம் பின்னே நிற்கிறது. ஒருங்குறிக்கு மாற்றிய நூல் இருந்தால் அதையே முதலில் இணைக்க வேண்டும். இதையும் நூலகர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டால் மாணவர் தேடக் கற்றுக்கொள்வது எப்போது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் மூன்றாம் ஆண்டில் இணைப்புகளைக் குறைத்து, தேடிக் கண்டுபிடித்து வரும் பயிற்சியை அசைன்மென்ட்டாகவே வைக்கலாம் என்பேன். முதலாண்டில் அலமாரி எங்கே என்றே தெரியாதவரிடம், தேடு என்றால் அவர் சாட்ஜிபிடியைத்தான் கேட்பார். அது தரும் மேற்கோள் நூல்களில் சில, உலகத்தில் எந்த நூலகத்திலும் இல்லாதவை. அதுவே கற்பனை செய்தவை. அப்படிப்பட்ட பட்டியலோடு வரும் அசைன்மென்ட்டுகளைப் பார்த்து அலுத்துப்போன ஆசிரியர்கள் எனக்குத் தெரிந்தே பலர். உண்மையான நூல் எப்படி இருக்கும் என்று முதலில் காட்டியிருக்க வேண்டாமா?

நூலகர் பணியிடம் நிரப்பப்படாமல் கிடக்கும் கல்லூரிகளில் இதை யார் செய்வது என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அரசிடம் இருக்கிறது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவே. ஒரு பாடத்திட்டம் பல கல்லூரிகளுக்குப் பொது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள, தன்னாட்சி பெறாத கல்லூரிகள் அனைத்திலும் பொருளாதாரம் முதல் பருவம் ஒன்றுதான். ஒரு நூலகர் தொகுக்கும் பட்டியலை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் கல்லூரி நுழைவு வழியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சைதாப்பேட்டைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாடங்களுக்குத் தமிழில் இப்படி ஒரு பட்டியலை முதலில் செய்து, அதை எல்லோருக்கும் திறந்து வைத்தால், மாநிலத்தின் தமிழ்வழி மாணவர்கள் அனைவருக்கும் அது பயன்படும்.

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்த வண்டி. உள்ளே அடுக்கியிருந்தவை புத்தகங்கள். படிக்க வர முடியாதவர்களின் ஊர்களுக்கு அது போனது. தொடங்கி வைத்தவர், நம் ஊரில் எல்.டி. படித்த ரங்கநாதன். வண்டி போக வேண்டிய இடம் இப்போது போன் திரை.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள், கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் மாணவர் வைத்திருப்பதுபோன்ற ஒரு சாதாரணப் போனில், வீட்டில் உட்கார்ந்து உங்கள் பாடப் பக்கத்தைத் திறந்து, அதில் நீங்கள் கொடுத்திருக்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். திறக்காதவற்றைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலை நூலகரிடம் போங்கள். போகும்போது பாடப் பக்கத்தின் சாவியையும் கையோடு எடுத்துப் போங்கள்.